டாக்டரை நடுவில் கூப்பிடுங்கள்: பல் சுத்தமும் பரிசோதனையும் ஒழுங்குக்கு வந்த அனுபவம்

பல் கிளினிக்கில் ஹைஜீனிஸ்டாக, அதாவது பற்களைச் சுத்தம் செய்பவராக, வேலை பார்ப்பவர்கள் தினமும் சந்திக்கும் விஷயம்தான் இது. ஸ்கேலிங், பாலிஷிங் எல்லாம் முடிந்து பேஷன்ட் வாய் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். டாக்டர் வந்து ஒரு தடவை பார்த்துவிட்டால் அனுப்பிவிடலாம். டாக்டரோ அடுத்த அறையில் வேர் சிகிச்சையில் இருப்பார். பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற தடுப்புத் தாளைப் போட்டு, வேரைச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற ஃபைலைப் பல்லுக்குள் வைத்திருக்கும் நேரத்தில் எழுந்து வரச் சொல்ல முடியுமா? இங்கே இருப்பவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார். வெளியே அடுத்தவர் வந்து உட்கார்ந்திருப்பார். காலையில் விழுந்த இந்தத் தாமதம் சாயங்காலம் வரை துரத்தும்.

டாக்டர் வேகமாகப் பார்த்தால் சரியாகிவிடும் என்றுதான் எங்கள் கிளினிக்கில் முதலில் பேச்சு வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நேரம் எங்கே போகிறது என்று கவனித்துப் பார்த்தோம். டாக்டர் வாய்க்குள் பார்ப்பது சில நிமிடங்கள்தான். அவருக்காகக் காத்திருப்பது, வந்தபின் எக்ஸ்ரேயைத் தேடித் திறப்பது, என்னிடம் ஏற்கெனவே சொன்னதையே பேஷன்ட் அவரிடம் மறுபடி சொல்வது, இவற்றில்தான் மிச்ச நேரமெல்லாம் கரைந்தது.

அதனால் முதலில் மாற்றியது கூப்பிடும் நேரத்தை. உடல்நல விவரம் கேட்டாயிற்று, எடுக்க வேண்டிய எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ஈறு அளவெடுத்தாயிற்று (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கும் இடுக்கின் ஆழத்தை மில்லிமீட்டரில் அளப்பது; ஆழமாகிவிட்ட இடுக்கைப் பாக்கெட் என்போம்) என்றால் உடனே டாக்டரின் திரையில் ‘தயார்’ என்று ஒரு குறிப்பு போகும். அதிலிருந்து நான் வேலையை முடிக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் அவர் வரலாம். அவருடைய வேலையில் இயல்பாகவே இடைவெளிகள் உண்டு. மரப்பு ஊசி போட்டபின் மரத்துப்போகக் காத்திருக்கும் நேரம், அளவெடுத்த மாவு இறுகும் நேரம் போன்றவை. அந்த இடைவெளியில் அவர் உள்ளே வந்தால் நான் சுத்தம் செய்யும் கருவியான ஸ்கேலரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து இடம் கொடுப்பேன். பாதி சுத்தமான வாயைக் காட்டுவதா என்று என்னுடன் வேலை செய்யும் இன்னொரு ஹைஜீனிஸ்டுக்கு வருத்தம். எனக்கும் அந்தத் தயக்கம் புரியும். நாம் முழுசாகச் செய்து முடித்த வேலையைக் காட்டத்தான் யாருக்கும் ஆசை இருக்கும்.

டாக்டருக்கு இருந்த ஆட்சேபம் வேறு. பல்லில் இறுகிப் படியும் அழுக்கைத்தான் காறை என்கிறோம். “காறை மூடியிருந்தா சொத்தையை எப்படிம்மா பார்க்கிறது?” என்றார். நியாயமான கேள்வி. ஆரம்பநிலைச் சொத்தையின் வெள்ளைத் திட்டு, எச்சிலும் அழுக்கும் இருக்கும் பல்லில் தெரியாது. சுத்தம் செய்து, சில விநாடி காற்றடித்து உலர்த்தினால்தான் கண்ணுக்குப் படும். அதே சமயம் ஈறு அளவை ஸ்கேலிங்குக்குப் பிறகு எடுத்தால் ரத்தக்கசிவுக்கு அர்த்தமே இல்லை. நோயால் வந்த ரத்தம் எது, கருவி பட்டு வந்த ரத்தம் எது என்று யாரால் சொல்ல முடியும்? ஆகவே வேலையின் வரிசையை மாற்றினேன். முதலில் ஈறு அளவு. அடுத்து, எக்ஸ்ரேயில் சந்தேகம் இருக்கும் இடங்களையும் காறை அதிகம் படியும் இடங்களையும் மட்டும் சுத்தம் செய்வது. எச்சில் சுரப்பிகளின் வாய் திறக்கும் இடம் என்பதால், கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கமும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கமும்தான் பெரும்பாலும் மூடியிருக்கும். அங்கே முடித்து, சந்தேகப் பல்லை உலர்த்தி, வாய்க்குள் வைக்கும் கேமராவில் படம் எடுத்து வைத்துவிட்டால் டாக்டர் எப்போது வந்தாலும் பார்க்க வேண்டியது தயாராக இருக்கும். அவர் போனபிறகு புதிதாக ஏதாவது என் கண்ணில் பட்டால், தயங்காமல் திரும்பக் கூப்பிடுவேன்.

ஈறு அளவெடுப்பது தனி வேலை. ஒரு பல்லுக்கு ஆறு இடம். இருபத்தெட்டு பல் என்றால் 168 எண்கள். தனியாக அளந்து, தனியாகவே எழுதினால் ஒவ்வொரு முறையும் கிளவுஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். உதவியாளர் ஒருவர் எழுத, நான் சத்தமாகச் சொல்கிறேன். தொடங்கும் முன் பேஷன்டிடம், “ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொன்னா நல்லது. நாலும் அதுக்கு மேலயும் வந்தா கவனிக்கணும். நீங்களும் கேட்டுக்கிட்டே இருங்க” என்று சொல்லிவிடுவேன். இதன் பலனை நேரில் பார்த்தேன். அளந்து முடித்ததும் ஒரு பெரியவர், “அஞ்சுன்னு ரெண்டு மூணு தடவை சொன்னீங்களே, அது எந்தப் பல்லும்மா?” என்று அவராகவே கேட்டார். ஈறு நோயைப் பற்றிய பேச்சு அங்கேயே தொடங்கிவிட்டது. டாக்டர் வந்து ஆரம்பத்திலிருந்து விளக்க வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் உள்ளே வந்ததும் நான் விவரம் சொல்வது பேஷன்டின் காதுபடத்தான், எப்போதும் ஒரே வரிசையில்: என்ன தொந்தரவு, உடல்நிலையில் என்ன மாற்றம், எக்ஸ்ரே, ஈறு, சந்தேகப் பல், போன முறை சொல்லிச் செய்யாமல் நிற்கும் சிகிச்சை. உதாரணமாக: “டாக்டர், இவங்களுக்குக் குளிர்ந்த தண்ணி பட்டா மேல் இடது பக்கம் கூசுதாம். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கறாங்க, கடைசி எச்பிஏ1சி 8.2. கீழ் வலது கடைவாய்ப் பல்லில் போன தடவை 4 மில்லிமீட்டர் இருந்த பாக்கெட் இப்போ 6, ரத்தமும் வருது. மேலே பழைய ஃபில்லிங் ஓரம் படத்துல இருக்கு, பார்த்துச் சொல்லுங்க.” எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை. அந்த 8.2 சும்மா சொல்லும் எண் அல்ல. 2018-இல் வெளியான ஈறுநோய் வகைப்பாட்டின்படி, சர்க்கரை நோயாளிக்கு அது 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈறுநோய் வேகமாக முற்றக்கூடிய ‘சி’ தரத்தில் சேர்ந்துவிடும். சுத்தத்துக்கு அடுத்து எப்போது வரச் சொல்வது என்பதே அதை வைத்து மாறும். இன்னொன்று, நான் பார்த்ததை மட்டும்தான் சொல்வேன். சொத்தை என்றோ, க்ரௌன் வேண்டும் என்றோ முடிவு சொல்வது டாக்டரின் பொறுப்பு. முன்கூட்டியே நான் ஒன்று சொல்லி, அவர் வேறொன்று சொன்னால் பேஷன்ட் யாரை நம்புவார்?

இத்தனையும் பேசிவிட்டு, சுருக்கவே கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். நாக்கை காஸ் துணியால் பிடித்து இழுத்து, இரு ஓரங்களையும் அடிநாக்கையும் பார்ப்பது, தாடைக்குக் கீழே விரலால் தடவிப் பார்ப்பது. நானும் பார்ப்பேன், டாக்டரும் பார்ப்பார். இருவரும் பார்ப்பது நேர விரயம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாய்ப் புற்றுநோய் அதிகம் ஒளிந்து வளரும் இடங்களில் நாக்கின் ஓரமும் அடிநாக்கும் முக்கியமானவை. சுத்தத்துக்கு வந்த ஒரு அம்மாவுக்கு நாக்கு ஓரத்தில் சின்னப் புண். அவராகச் சொல்லவில்லை, நாங்கள் கேட்டபோதும் “கடிச்சிருப்பேன்” என்றார். அதை ஒட்டிய கடைவாய்ப் பல் உடைந்து கூராக இருந்தது. டாக்டர் அந்த முனையைத் தேய்த்துவிட்டு, இரண்டு வாரத்தில் கட்டாயம் வரச் சொன்னார். காரணத்தை நீக்கியும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் நிற்கும் புண்ணை மேல்பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். அந்த அம்மா திரும்ப வந்தபோது புண் ஆறியிருந்தது. அந்த மறுவருகையை வரவேற்பில் இருப்பவர் போன் செய்து உறுதிப்படுத்தியதையும் நான் பரிசோதனையின் ஒரு பகுதியாகவே நினைக்கிறேன்.

சின்ன ஏற்பாடு ஒன்று: டாக்டருக்கென்று வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியும் ஈறு அளக்கும் புரோபும் தனியாக ட்ரேயில் இருக்கும், அவர் அளவு கிளவுஸ் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பாதி வேலையில் எழுந்து வருபவர் பழைய கிளவுஸைக் கழற்றி, கையைச் சுத்தம் செய்து, புதிது மாட்டித்தான் தொட வேண்டும். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இதுதான் என்பதால் ஏற்பாட்டிலேயே சேர்த்துவிட்டோம்.

முதல்முறை வருபவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது. அவர்களுக்கு டாக்டர் தனியாக நேரம் ஒதுக்கி முழுசாகப் பார்க்கிறார். ஞானப்பல் அறுவை சிகிச்சை இருக்கும் நாட்களில் இடைவெளியை நம்பவே முடியாது. அந்த நேரத்தில், டாக்டர் பரிசோதனை தேவைப்படாமல் ஈறு பராமரிப்புக்கு மட்டும் வருபவர்களை என் பட்டியலில் போடச் சொல்லி வரவேற்பில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்.