உதைப்பது தோட்டாவா, துப்பாக்கியா? கைத்துப்பாக்கிக் காலிபர்களை ஒப்பிடுவது எப்படி

"எந்தக் காலிபர் குறைவாக உதைக்கும்?" சுடப் பழக வருகிற பலரும் முதலில் கேட்பது இதைத்தான். காலிபர் என்பது தோட்டாவின் அளவும் வகையும்; உதை என்பது சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளுவது. தோட்டாவின் பெயரை மட்டும் வைத்துப் பதில் சொன்னால், கேட்டவரைத் தவறான துப்பாக்கியின் பக்கம் தள்ளிவிடுவோம். 300 கிராம் எடையுள்ள, பைக்குள் அடங்குகிற .380 ஏ.சி.பி. பிஸ்டல், 850 கிராம் எடையுள்ள முழு அளவு 9 எம்.எம். பிஸ்டலைவிடக் கையைக் கடுமையாகத் தாக்கும். தோட்டா சிறிதாக இருந்தும் உதை அதிகம்.

பெயரில் உள்ள எண்ணும் பெரிதாக உதவாது. .380 ஏ.சி.பி., 9 எம்.எம். இரண்டிலும் பறந்து போகிற முனையான குண்டு ஒரே விட்டம்தான், 0.355 அங்குலம். குண்டையும் அதைத் தள்ளும் மருந்தையும் தாங்கும் கூட்டின் நீளம் முன்னதில் 17 மில்லிமீட்டர், பின்னதில் 19. .38 ஸ்பெஷலுக்கும் .357 மேக்னத்துக்கும்கூடக் குண்டின் விட்டம் ஒன்றே. வேறுபடுவது கூட்டின் நீளமும், மருந்தின் அளவும், அது தாங்கும் அழுத்தமும்.

உதையைக் கணக்கிட நான்கு எண்கள் போதும். குண்டின் எடை, அதன் வேகம், மருந்தின் எடை, துப்பாக்கியின் எடை. குண்டின் எடையை வேகத்தால் பெருக்க வேண்டும், அதுதான் உந்தம். மருந்து எரிந்து வெளியேறும் வாயுவுக்கும் உந்தம் உண்டு. அதன் வேகத்தை விநாடிக்குச் சுமார் 1,200 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் கூட்டித் துப்பாக்கியின் எடையால் வகுத்தால், துப்பாக்கி கையை நோக்கி வரும் வேகம் கிடைக்கும். 9 எம்.எம்.மில் 8 கிராம் குண்டு (124 கிரெய்ன்; குண்டின் எடையைச் சொல்லும் அலகு) விநாடிக்கு 350 மீட்டரில் போகிறது, மருந்து 0.35 கிராம் என்று கொள்வோம். எடையைக் கிலோவில் வைத்தால் உந்தம் 2.80 கூட்டல் 0.42, ஆக 3.22. அதை 0.85 கிலோவால் வகுத்தால் விநாடிக்கு 3.8 மீட்டர். இந்த வேகத்தில் அந்த எடைக்கு உள்ள ஆற்றல் சுமார் 6 ஜூல்.

இதே கணக்கை மற்றவற்றுக்கும் போட்டால் படம் தெளிவாகும். 900 கிராம் பிஸ்டலில் .22 எல்.ஆர். அரை ஜூலைத்தான் தொடும். .380, 650 கிராம் பிஸ்டலில் 3 ஜூல். அதே தோட்டா 300 கிராம் பிஸ்டலில் ஏறக்குறைய 7 ஜூல். .40 எஸ் அண்ட் டபிள்யூ, 180 கிரெய்ன் குண்டோடு 850 கிராம் பிஸ்டலில் 9 ஜூலுக்கு மேல். 230 கிரெய்ன் .45 ஏ.சி.பி. அதே எடைப் பிஸ்டலில் 10 ஜூலைத் தாண்டும், ஆனால் 1.1 கிலோ எடையுள்ள, 1911 என்ற எஃகு மாடல் பிஸ்டலில் 8 ஜூலுக்கு இறங்கிவிடும். தோட்டாவை மாற்றாமல், எடையை மாற்றியே இவ்வளவு கிடைக்கிறது.

இந்த எண்ணை மட்டும் நம்பிவிடவும் கூடாது. உதை எவ்வளவு என்பதைப் போலவே, அது எவ்வளவு நேரத்தில் கைக்கு வந்து சேர்கிறது என்பதும் முக்கியம். .45 ஏ.சி.பி.க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 21,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). 9 எம்.எம்.முக்கும் .40க்கும் அது 35,000. அதனால்தான் எடை கூடிய பிஸ்டலில் .45 கையை மெதுவாகத் தள்ளுவதுபோல இருக்கிறது, .40 வெடுக்கென்று சுண்டுகிறது. 9 எம்.எம். பிஸ்டலின் அளவுக்கே செய்த சட்டத்தில் (பிடியோடு சேர்ந்த உடல்பகுதியில்), அதே அழுத்தத்தில், ஒன்றரை மடங்கு எடையுள்ள குண்டை .40 தள்ளுகிறது. அந்தச் சுண்டல் வருவது அங்கிருந்துதான்.

பிஸ்டல் உள்ளே வேலை செய்யும் முறையும் கணக்கில் வராது. 9 எம்.எம். பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றில் குழலும், அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சிறிது தூரம் சேர்ந்தே பின்னால் வந்து, அழுத்தம் இறங்கிய பிறகு பிரியும். வால்தர் பி.பி.கே. போன்ற பல .380 பிஸ்டல்களில் இந்தப் பூட்டு கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான் கூட்டைப் பிடித்து நிறுத்துகின்றன. இதை ப்ளோபேக் என்பார்கள். உதை உடனே ஸ்லைடுக்குப் போய்ச் சட்டத்தில் மோதுவதால், ஜூல் கணக்கு சொல்வதைவிடக் கூர்மையாகக் கையில் உறைக்கும். ஸ்பிரிங்கும் விறைப்பாக இருக்கும். விரல் பலம் குறைந்தவருக்கு "சின்னத் தோட்டாதானே" என்று .380 வாங்கிக் கொடுத்தால், அவரால் ஸ்லைடை இழுக்கவே முடியாமல் போகலாம். வாங்கும் முன், காலியாக உள்ள பிஸ்டலின் ஸ்லைடை அவரையே பத்து முறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

குண்டின் எடையை மாற்றுவது பலரும் முயன்று பார்க்காத வழி. 9 எம்.எம்.மில் 115 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 1,150 அடி வேகத்தில் போனால், எடையையும் வேகத்தையும் பெருக்கி 1,000ஆல் வகுக்க 132 வருகிறது. 147 கிரெய்ன் குண்டு 900 அடியில் போனாலும் அதே 132தான். இந்த எண்ணைப் போட்டிகளில் பவர் ஃபேக்டர் என்கிறார்கள், ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேசத் துப்பாக்கிப் போட்டி அமைப்பில் மைனர் வகைக்குக் குறைந்தது 125 வேண்டும். குண்டின் உந்தம் சமமாக இருந்தாலும், கனமான குண்டுக்கு மருந்து குறைவு. வாயுவின் பங்கும் குறைகிறது, ஸ்லைடும் சற்று நிதானமாக நகர்கிறது. கைக்கு மென்மையாகத் தோன்றும். தவிர, 900 அடி ஒலியின் வேகத்துக்குக் கீழே இருப்பதால் குண்டு காற்றைக் கிழிக்கும் அந்தச் சடாரென்ற ஓசையும் இல்லை.

அன்றாடப் பயிற்சிக்கு எதை எடுப்பது? முதல் சில நூறு தோட்டாக்களை .22 எல்.ஆரில்தான் சுட வேண்டும் என்பேன். குழல் முனையில் உள்ள முன்குறியைப் பார்ப்பதும், விசையை நேராக இழுப்பதும், பிடியும் அதில்தான் பயமில்லாமல் படியும். அதற்கு ஒரு குறை உண்டு. தீப்பற்றும் கலவை கூட்டின் விளிம்புக்குள் பரப்பப்பட்டிருப்பதால், எங்காவது கலவை சேராமல் போனால் அடித்தும் வெடிக்காது. அப்படி ஆனால் குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருந்து, பிறகு வெளியே எடுக்க வேண்டும்.

அடுத்த படி முழு அளவு 9 எம்.எம். தோட்டா அடுக்கும் மேகஸினோடு 800 கிராமுக்குக் குறையாமல், குழல் 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். பெரும்பாலானோர் இதைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை. .40ஐப் பயிற்சிக்காக எடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. 1990இல் வந்த அந்தத் தோட்டாவை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பல ஆண்டுகள் வைத்திருந்து, 2010களின் நடுவில் 9 எம்.எம்.முக்கே திரும்பியது. பெரும்பாலானோர் 9 எம்.எம்.மில் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

ரிவால்வர் பிடித்தவர்களுக்கு .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் போட்டுச் சுடுவதைப் போன்ற நல்ல ஏற்பாடு வேறில்லை. 1 கிலோ ரிவால்வரில் .38 சுமார் 3.5 ஜூல், .357 ஏறக்குறைய 12.5 ஜூல். ஒரே துப்பாக்கியில் இரண்டு எல்லையும் கிடைக்கிறது. .38க்கென்று செய்த ரிவால்வரில் .357 போடக் கூடாது. கூடு நீளமாக இருப்பதால் பெரும்பாலும் உள்ளே போகாது, போனாலும் சுடக் கூடாது. .38 நிறையச் சுட்ட பிறகு, அதன் குட்டையான கூடு முடிகிற இடத்தில் சிலிண்டர் துளைக்குள் கரி வளையமாகப் படியும். சுத்தம் செய்யாமல் .357 போட்டால் இறுகும், சுட்ட பிறகு வெற்றுக் கூடு வெளியே வராது. குறுங்குழலோடு 430 கிராமே உள்ள ரிவால்வரில் .38 போட்டால் 7 ஜூலுக்கு அருகில்; .357 போட்டால் 24 ஜூல் வரை. 1.35 கிலோ .44 மேக்னம் கொடுக்கிற உதை அது. புதியவர் கையில் அதைக் கொடுப்பது அநியாயம்.

எடை குறைந்த ரிவால்வரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சுடும்போது சிலிண்டரில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களும் வெடுக்கென்று பின்னால் இழுபடுகின்றன. குண்டு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கூட்டின் வாய் குண்டை இறுகப் பிடிக்கவில்லை என்றால், குண்டு முன்னால் நகர்ந்து சிலிண்டருக்கு வெளியே நீட்டிக்கொள்ளும், சிலிண்டர் சுற்றாது. சோதிக்க வழி எளிது. கடைசித் தோட்டாவை மட்டும் சுடாமல் வெளியே எடுத்து, அதன் நீளத்தைச் சுடாத தோட்டாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிஸ்டலில் இதற்கு நேர்மாறாக, ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் குண்டு கூட்டுக்குள் அமுங்கும், அழுத்தம் ஆபத்தாக ஏறும். அமுங்கியதைச் சுடாமல் ஒதுக்கிவிடுங்கள்.

உதைக்குப் பயந்த கை எங்கே தெரியும் என்றால், இலக்கில். வலது கைக்காரரின் குண்டுகள் கீழேயும் இடதுபுறமும் கூடினால், வெடிக்கும் முன்பே கை குழலைக் கீழே அமுக்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். உறுதிசெய்ய, ஆறு தோட்டாவோடு மருந்தில்லாத இரண்டு போலித் தோட்டாக்களை வேறொருவர் கலந்து ஏற்றட்டும், 5 மீட்டரில் சுடுங்கள். போலி வரும்போது முன்குறி அசையாமல் நின்றால் சரி. தாழ்ந்தால், அந்தக் காலிபரை அன்றைக்கு மூடிவைத்துவிட்டு, காலித் துப்பாக்கியில் விசை இழுத்துப் பழகி, .22க்குத் திரும்புங்கள். காதுக்குள் அடைப்பானும் மேலே காதுறையும் சேர்த்துப் போட்டாலே பயம் கணிசமாகக் குறைகிறது. உதை என்று நினைப்பதில் ஓசைக்கும் பங்கு உண்டு.

பிடியைத் தளர்த்தினால் உதை குறையும் என்று சிலர் நம்புகிறார்கள். நடப்பது வேறு. ஸ்லைடு முழுத் தூரம் பின்னால் போக, சட்டத்தைக் கை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். மணிக்கட்டு தொய்ந்தால் சட்டமும் சேர்ந்து பின்னால் வரும். வெற்றுக் கூடு வெளியேறும் வாயிலில் செங்குத்தாகச் சிக்கும், அல்லது அடுத்த தோட்டா பாதியில் நிற்கும். எடை குறைந்த பாலிமர் சட்டத்தில், பலம் குறைந்த தோட்டாவோடு இது அடிக்கடி நடக்கும். கையைப் பிடியின் உச்சிவரை ஏற்றிப் பிடியுங்கள். குழலுக்கும் கைக்கும் இடைவெளி குறையக் குறைய, முனை மேலே எகிறுவதும் குறையும். துணைக் கையின் உள்ளங்கை பிடியின் பக்கத்தை நிரப்பட்டும், கட்டைவிரல் ஸ்லைடுக்குப் பின்னால் போகவே கூடாது. ரிவால்வரில் எந்த விரலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் இடைப்பட்ட சிறு இடைவெளிக்கு அருகில் வரக் கூடாது. அங்கிருந்து பீறிடும் வாயு சதையை வெட்டும்.

வழக்கமான உதை திடீரென்று குறைந்தாலும் கவனியுங்கள். ஓசை மந்தமாக, கையில் ஒன்றுமே உறைக்காமல் ஒரு தோட்டா போனால், உடனே நிறுத்துங்கள். மருந்து இல்லாமலோ போதாமலோ குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் மேல் அடுத்ததைச் சுட்டால் குழல் புடைக்கும், வெடிக்கவும் செய்யும். குழலை இலக்குப் பக்கமே பிடித்து, மேகஸினைக் கழற்றி, தோட்டா அமரும் அறையைக் காலியாக்கி, பிஸ்டலைப் பிரித்து, குழலின் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் பித்தளைக் கம்பியால் தட்டி எடுக்கிற வேலையைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் விட்டுவிடுங்கள். அந்தப் பெட்டியில் மீதமுள்ள தோட்டாக்களையும் சுட வேண்டாம்.