சித்தி, இதில மண்ணு இருக்கு

முதல் தடவை நான் செய்த ஃபட்ஜை வாயில் போட்டதும் அக்கா மகள் சொன்னது இதுதான்: "சித்தி, இதில மண்ணு இருக்கு." மண் இல்லை, சர்க்கரைதான். ஆனால் பல்லில் நறநறவென்று கடிபட்டது உண்மை. அதன்பிறகு நிறைய செய்து, பாதியைக் கெடுத்து, கொஞ்சம் தேறிவிட்டேன். இப்போது என்னிடம் கேட்கிறவர்களும் முதலில் கேட்பது இதைத்தான்: ஏன் நறநறக்கிறது?

ஃபட்ஜ் என்பது சர்க்கரை, பால், வெண்ணெய் மூன்றையும் காய்ச்சிப் படிகமாக்குவது. படிகம் கட்டாமல் பார்த்துக்கொண்டால் அது காரமல். ஃபட்ஜில் படிகம் வேண்டும், ஆனால் நாக்குக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக இருக்க வேண்டும். பாகு சூடாக இருக்கும்போதே கிளறினால் படிகங்கள் அப்போதே உருவாகி, ஆற ஆறப் பெரிதாகிவிடும். நான் செய்த தப்பு அதுதான். அடுப்பை அணைத்த கையோடு கரண்டியை எடுத்துவிட்டேன்.

இப்போது 114 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கி வைத்துவிட்டு, சமையலறையை விட்டே போய்விடுவேன். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். விரலால் திரட்டினால் உருண்டு வந்து, வெளியே எடுத்ததும் தளர்ந்து உட்கார வேண்டும். அதுதான் பதம். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையைச் சுரண்டிப் பாகில் போடாதீர்கள். ஒரு துணுக்கு விழுந்தால் போதும், அதைச் சுற்றியே எல்லாம் கட்டிக்கொள்ளும். கையால் தொட்டால் வெதுவெதுப்பாக, ஏறத்தாழ 45 டிகிரிக்கு ஆறிய பிறகுதான் கிளறல். அதுவும் விடாமல். கை கடுக்கும். கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்த பாகு திடீரென்று மங்கும் பாருங்கள், அந்த நொடியில் தட்டில் கொட்டிவிட வேண்டும். இன்னும் நாலு சுற்று சுற்றலாம் என்று நினைத்தால் பாத்திரத்திலேயே இறுகிவிடும்.

"இறுகவே இல்லையே, என்ன செய்ய?" சூடு போதவில்லை, அவ்வளவுதான். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து மறுபடி காய்ச்சலாம். நறநறத்ததற்கும் அதே வைத்தியம்.

கண்டென்ஸ்டு மில்க்கும் சாக்லேட்டும் உருக்கிச் செய்வது ஃபட்ஜா என்று ஒரு சண்டை உண்டு. அதை இறுக வைப்பது பெரும்பாலும் சாக்லேட்டின் கொழுப்பு. எனக்கு அது வேறு இனிப்பு. ஆனாலும் தட்டைக் காலி செய்யும் ஆட்களில் நானும் ஒருத்தி.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? திறந்து வைத்தால் காய்ந்து வரட்டியாகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வெளியே வைத்தாலே சில நாள் தாங்கும். மாதக்கணக்கில் வேண்டுமென்றால் நன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் போடுங்கள்.

யார் கண்டுபிடித்தார்கள் என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனால் அமெரிக்காவில் வாசர் கல்லூரி மாணவி எமிலின் ஹார்ட்ரிட்ஜ், 1886இல் பால்டிமோரில் தன் தோழியின் உறவினர் ஒருவர் ஃபட்ஜ் செய்து விற்றதைப் பற்றிக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1888இல் கல்லூரி ஏலத்துக்கு ஹார்ட்ரிட்ஜே செய்தது 30 பவுண்டு, அதாவது பதின்மூன்றரைக் கிலோவுக்கும் மேல். ஒரு கிலோவுக்கே என் தோள்பட்டை இரண்டு நாள் வலிக்கிறது.