நடுக்கடலில் 20 பேர்ச்

"காலத்தோடு ஓடாவிட்டால் வேலை போய்விடும்" என்று புத்தி சொல்கிறவர்கள், அந்த ஓட்டத்துக்கான நேரத்தை எங்கேயிருந்து எடுத்தார்கள் என்று சொல்வதேயில்லை. அவர்கள் வீட்டில் இராப் புட்டு அவிக்க வேறு ஆள் இருக்கும் போல. எங்கள் வீட்டில் அது நான்தான். என் கணவர் கிண்ணியாவில் படிப்பிக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு தேத்தண்ணியோடு டியூசனுக்கு ஓடிவிடுவார்.

நான் படவரைஞர். திருகோணமலை டவுனில் ஒரு நில அளவையாளரிடம் காணிப் பிளான் கீறுகிறேன். தொடங்கிய காலத்தில் ட்ரேசிங் தாளும் ரொட்ரிங் பேனையும்தான். மை பிசகினால் சவர பிளேட்டைப் பாதியாக உடைத்து, தாள் கிழியாமல் மெல்லச் சுரண்டி, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து வழுவழுப்பாக்கிவிட்டுத்தான் திரும்பக் கோடு போடவேண்டும். தேய்க்காமல் போட்டால் மை ஊறிப் பரவிவிடும். அந்த வித்தை இன்றைக்கு யாருக்கும் வேண்டாம். எனக்கும் பெரிய கவலை இல்லை. அதில் மிஞ்சியது கழுத்துவலிதான். பிறகு கொம்பியூட்டரில் பிளான் கீறுகிற ஓட்டோகாட் வந்தது. மகள் வயிற்றில் இருக்கும்போது பழகினேன்.

இப்போது ஒரு தம்பி வேலைக்கு வந்திருக்கிறார். ஜிபிஎஸ் கருவியோடு காலையில் வெளியே போனால் மத்தியானம் அத்தனை புள்ளிகளும் கொம்பியூட்டரில் நிற்கும். நான் அரைநாள் குந்தியிருந்து செய்வதைத் தேத்தண்ணி ஆறமுதல் முடித்துவிடுவார். "அக்கா, இதை இப்பிடிச் செய்து பாருங்கோ" என்று சொல்லித்தரவும் செய்வார். நல்ல பிள்ளை. அதுதான் கஷ்டம். தலைக்கனம் பிடித்த ஆளென்றால் கோபித்துக்கொண்டாவது இருந்திருக்கலாம்.

சரி, எல்லாவற்றையும் பழக என்னால் முடியாது. எதை விடுவது என்றுதான் முதலில் யோசித்தேன். எங்கள் நில அளவையாளர் சேர் ட்ரோன் வாங்குகிற கதை கதைக்கிறார். இந்த ஊரில் ட்ரோன் ஏற்றுவது சும்மா காரியமா? ஒரு பக்கம் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை. அனுமதி எடுக்கிறதே தனி வேலை. அது தம்பியின் பாடு என்று விட்டுவிட்டேன். நான் எடுத்துக்கொண்டது கியூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருள். காசு கட்டத் தேவையில்லை, என் பழைய லப்டொப்பிலும் ஓடும். அதைவிட முக்கியம், பழைய பிளான்களைப் புதிய வரைபடத்தில் கொண்டுபோய் வைக்கிற வேலை அதில் செய்யலாம். எங்கள் அலுமாரி நிறையப் பழைய பிளான்தான்.

இரவு ஏழரைக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் மூன்று பேர் இருப்போம். மகள் உயர்தரம், உயிரியல். மகன் தரம் 7. நடுவில் என் லப்டொப். போன கிழமை மகனைக் கூப்பிட்டு ஒரு வேடிக்கை காட்டினேன். உப்புவெளிப் பக்கத்துக் காணி ஒன்று, 20 பேர்ச். பழைய பிளானில் இருந்த எண்களை அப்படியே புதிய முறையில் ஏற்றினேன். காணி காலிக்கு மேற்கே நடுக்கடலில் போய் விழுந்தது.

"திமிங்கிலத்துக்கா அம்மா காணி அளந்தனீங்கள்?"

அவன் கேட்டதும் மகளும் புத்தகத்தை மூடிவிட்டு வந்தாள். விளங்கப்படுத்தினேன். இலங்கையின் நில அளவைக் கணக்குக்கு மையம் பிதுருதலாகல மலை. 2,524 மீற்றர், நாட்டிலேயே உயரம்; அது அவனுக்குத் தெரியும். நாட்டில் எந்த மூலையிலும் மைனஸ் எண் வரக்கூடாது என்பதற்காக அந்த மலைக்கு 0 என்று கொடுக்காமல், கிழக்குக்கு 200,000 மீற்றர், வடக்குக்கு 200,000 மீற்றர் என்று வைத்தார்கள். 1999இன் புதிய முறையில் இரண்டையும் 500,000 ஆக்கிவிட்டார்கள். எங்கள் டவுன் காணிக்குப் பழைய பிளானில் கிழக்கு எண் ஏறத்தாழ 250,000 என்றால் புதியதில் 550,000. மாற்றாமல் ஏற்றினால் காணி 300 கிலோமீற்றர் மேற்கே, 300 கிலோமீற்றர் தெற்கே. மாற்றினாலும் நுணுக்கமான திருத்தம் இன்னும் உண்டு, அதை அவனுக்குச் சொல்லவில்லை. கொட்டாவி விடத் தொடங்கிவிட்டான்.

பிள்ளைகளோடு தரமான நேரம் செலவழிக்கவேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நான் ஒதுக்கிவைத்த நேரத்தில் வாயே திறப்பதில்லை. மகள் கதைப்பதெல்லாம் இரவு பத்து மணிக்கு, நான் சட்டி கழுவும்போது. குசினி வாசலில் சாய்ந்துகொண்டு, யாருக்கும் யாருக்கும் சண்டை, எந்த ரீச்சர் என்ன சொன்னா, தனக்கு இரசாயனம் ஏன் ஏறுதில்லை. அந்த நேரம் கையில் சவர்க்கார நுரையோடு "ம்" போட்டுக்கொண்டிருந்தால் போதும். திரும்பிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டேனோ, படிக்க நேரமாச்சு என்று போய்விடுவாள்.

ஒன்லைன் வகுப்பு ஒன்று ஞாயிறு பின்னேரம் வைத்தார்கள். நல்ல வகுப்பாம். சேரவில்லை. ஞாயிறு பின்னேரம் நாங்கள் டச்பே கடற்கரைக்குப் போகிற நேரம். மணலில் இருந்து கடலை கொறிப்பது, மகன் கோட்டைப் பக்கம் போய் மான்களுக்கு வேடிக்கை காட்டுவது, ஒருநாள் ஒரு கொம்பு மான் அவனுடைய சோளப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டது. வேறு விசேஷம் ஒன்றுமில்லை. மகள் இப்போதே பாதி நாள் வரமாட்டேன் என்கிறாள். கம்பஸ் கிடைத்துப் போய்விட்டால் மிச்சப் பாதியும் இல்லை. அந்த வகுப்பில் சொல்லித்தருவதை வேறு எங்காவது பிடித்துக்கொள்ளலாம், தம்பியிடமே கேட்கலாம்.

அடுத்த வேலை அலுமாரியைக் காலியாக்குவது. ட்ரேசிங் தாள்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் பொருத்தவேண்டும். பொருத்துவதை நான் செய்வேன். ஸ்கேன் செய்ய பள்ளிக்கூட விடுமுறையில் மகளைக் கூட்டிவரலாமா என்று சேரிடம் கேட்டேன், சரி என்றார். ஒரு தாளுக்கு 50 ரூபாய் தரலாமாம். மகள் 100 கேட்கிறாள். தூசிக்குத் தனியாக வேண்டுமாம்.