கோவையில் இருந்துகொண்டு சைபர் செக்யூரிட்டி படிக்கலாமா?

கல்லூரி முடிக்கப்போகும் தம்பி தங்கைகள் பலரும் கேட்பதால் இங்கேயே எழுதுகிறேன். தாராளமாகப் படிக்கலாம்.

சட்டமே இந்த வேலைக்கு ஆள் தேட வைக்கிறது. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் (இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி, ஊடுருவல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனம் அவர்களுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். லாக்குகளை, அதாவது கணினிகளில் நடப்பதெல்லாம் பதிவாகும் குறிப்புகளை, 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். இதையெல்லாம் உட்கார்ந்து கவனிக்க ஆள் வேண்டுமே!

ஆனால் முதல் வேலை பெரும்பாலும் எஸ்ஓசி-யில்தான்; அதாவது நிறுவனத்தின் கணினிகளை இரவு பகலாகக் கண்காணிக்கும் மையத்தில். இரவு ஷிஃப்ட், ஓயாத அலர்ட், அதில் நிறைய பொய் எச்சரிக்கை. பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது.

"ஆறே மாதத்தில் ஹேக்கர் ஆகலாம்" என்று லட்சம் கேட்கும் கோச்சிங்கில் தயவுசெய்து வீட்டுப் பணத்தைக் கொட்டாதீர்கள். முதலில் லினக்ஸ், நெட்வொர்க்கிங். பிறகு போர்ட்ஸ்விக்கர் நிறுவனத்தின் வெப் செக்யூரிட்டி அகாடமி என்ற ஆன்லைன் பயிற்சி, முழுக்க இலவசம்.

பெரிய ஐடி கம்பெனிகளை மட்டும் பார்க்காதீர்கள். திருப்பூர் ஏற்றுமதிக்காரருக்கு வரவேண்டிய பணத்தை, ஒரு போலி மெயிலில் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றித் திருப்பிவிட முடியும். அவர்களுக்கும் நம் பிள்ளைகள் தேவை.