கிருஷ்ணகிரிக் கோட்டையும் பாஸ்டன் தேயிலையும்

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் அமெரிக்கப் புரட்சியைப் படிக்கும் நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு முத்திரைச் சட்டம், பாஸ்டன் தேநீர் விருந்து, ஜூலை 4 ஆகிய மூன்றும் மனப்பாடமாகிவிடுகின்றன. ஆனால் பாஸ்டன் துறைமுகத்தில் கடலுக்குள் போன தேயிலைக்கும், பள்ளிக்குப் போகும் வழியில் அவர்கள் நாள்தோறும் காணும் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. அந்தத் தொடர்பைத் தெரிந்துகொண்டால் அந்தப் பாடமே வேறு விதமாகப் புரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிரான்சுடன் நடந்த ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தபோது பிரிட்டன் வென்றிருந்தது. கூடவே பெருங்கடனிலும் மூழ்கியிருந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படைக்கான செலவில் ஒரு பகுதியை அங்குள்ள குடியேறிகளே ஏற்க வேண்டும் என்று கருதிய நாடாளுமன்றம், 1765-இல் முத்திரைச் சட்டத்தை இயற்றிச் செய்தித்தாள், ஒப்பந்தப் பத்திரம், சீட்டுக்கட்டு வரைக்கும் வரி விதித்தது. குடியேறிகள் அதுவரை வரியே கட்டாதவர்கள் அல்லர். தாங்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றங்கள் விதித்த வரியைக் கட்டிவந்தவர்கள். தங்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லாத நாடாளுமன்றம் தங்கள் பணத்தில் கை வைப்பதைத்தான் அவர்களால் ஏற்க முடியவில்லை. எதிர்ப்பு வலுத்ததால் 1766-இல் அச்சட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதே நாளில், குடியேற்றங்களை எல்லா வகையிலும் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றத் தனக்கு உரிமை உண்டு என்று நாடாளுமன்றம் இன்னொரு சட்டத்தின் மூலம் அறிவித்துக்கொண்டது. பலரும் ஒரே வரியில் கடந்துபோகும் இந்த அறிவிப்பைத்தான் பின்னால் வந்த பூசல்கள் அனைத்துக்கும் வேராக நான் பார்க்கிறேன். 1767-இல் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகியவற்றின் மீது விதித்த வரிகளை, அமெரிக்கர் பிரிட்டிஷ் சரக்குகளைப் புறக்கணித்த பிறகு 1770-இல் நீக்கியபோதும், அந்த உரிமையை நிலைநாட்டுவதற்காகவே தேயிலை வரியை மட்டும் விட்டுவைத்தார்கள். அதே ஆண்டு மார்ச் 5 அன்று பாஸ்டன் தெருவில் சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தனர்.

இதே ஆண்டுகளில் நம் பகுதியில் நடந்தவற்றையும் பார்க்க வேண்டும். பாராமகால் என்று அன்று அழைக்கப்பட்ட இந்த நிலத்தில், 1767-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்கும் போர் மூண்டது. 1768-இல் கிருஷ்ணகிரிக் கோட்டை முற்றுகைக்குப் பின் கம்பெனியின் கைக்குப் போனது. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் தருமபுரி உள்ளிட்ட பல கோட்டைகளை மீட்ட ஹைதர், 1769-இல் சென்னையின் வாசல் வரை படையுடன் வந்து கம்பெனியை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார். இந்தச் செய்தி லண்டனை எட்டியதும் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. 1770-இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்தது. 1772-இல் கம்பெனி கடனுக்காக அரசிடம் கையேந்தி நின்றது. விற்காத தேயிலை அதன் லண்டன் கிடங்குகளில் குவிந்து கிடந்தது. பாராமகால் போர் மட்டுமே இந்த நிலைக்குக் காரணம் என்றால் அது மிகையாகும். ஆனால் அது தொடக்க அடிகளில் ஒன்று.

கம்பெனியைக் காப்பாற்றவே 1773-இன் தேயிலைச் சட்டம் வந்தது. கம்பெனி தன் சரக்கை நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்றானதால் தேயிலையின் விலை குறைந்தது. ஆனால் ஒரு பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரி நீடித்தது. மலிவான தேயிலையை வாங்கினால் அந்த வரிவிதிப்பு உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று குடியேறிகள் கண்டுகொண்டார்கள். (தொகையை விட உரிமையே பெரிது என்னும் இந்த வாதத்தை நாம் அறிவோம், ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1930-இல் வேதாரண்யத்தில் உப்பு எடுத்ததும் இதற்காகத்தான்.) கம்பெனியின் ஏகபோகம் தங்கள் வணிகத்தை விழுங்கிவிடும் என்று உள்ளூர் வணிகர்கள் அஞ்சினர். பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன், ஆசியாவில் பஞ்சத்தால் மக்கள் மடியக் காரணமான அதே கம்பெனி இப்போது அமெரிக்காவின் மீது கண் வைத்திருக்கிறது என்று எச்சரித்தார். டிசம்பர் 16 இரவில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது.

தண்டனையாக 1774-இல் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டு, அந்நகர் அமைந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் தன்னாட்சி பறிக்கப்பட்டது. ஒரு குடியேற்றத்துக்குக் கொடுத்த அடி மற்றவர்களை ஒன்றுசேர்த்தது. பன்னிரண்டு குடியேற்றங்களின் பேராளர்கள் பிலடெல்பியாவில் கூடினார்கள். அப்போதும் பெரும்பாலோர் விடுதலையைக் கேட்கவில்லை. 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கிகள் வெடித்த பின்னரும் ஜூலையில் அரசருக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். அவர் அதை ஏற்காமல், அவர்களைக் கிளர்ச்சியாளர்கள் என அறிவித்தார். அதன் பிறகே 1776-இன் விடுதலைப் பிரகடனம் வந்தது. அந்த விடுதலை அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களுக்கும் அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கும் கிடைக்கவில்லை என்பதைப் பாடத்தில் இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

ஹைதரின் பெயர் அமெரிக்கா வரை போயிருந்தது. பென்சில்வேனியா அரசின் ஒரு போர்க்கப்பல் அவர் பெயரையே தாங்கியிருந்தது. 1782 ஏப்ரலில் அக்கப்பல் தன்னை விட வலிமை வாய்ந்த ஒரு பிரிட்டிஷ் கப்பலைச் சிறைபிடித்தது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் யார்க்டவுனில் சரணடைந்த பிரிட்டிஷ் படையின் தளபதியான காரன்வாலிஸ், 1786-இல் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்து, திப்புவுடன் போரிட்டு, 1792 உடன்படிக்கையில் பாராமகாலைக் கம்பெனிக்குப் பெற்றுத்தந்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கே வந்து நிலத்தை அளந்து உழவர்கள் மீது வரி நிர்ணயித்தார்கள். மாசசூசெட்ஸ் உழவருக்குத் தன் குறையைத் திரட்டிப் பேசச் சட்டமன்றமும் அச்சகமும் இருந்தன. கம்பெனி ஆட்சியின் கீழ் வந்த பாராமகால் உழவருக்கோ வரியைத் தீர்மானிக்கும் அவை எதிலும் இடம் இல்லை. அமெரிக்கக் குடியேறிகள் 1765-இலிருந்து பதினோரு ஆண்டுகளில் கடந்த தொலைவை நாம் கடக்க 1792-இலிருந்து 155 ஆண்டுகள் ஆனதற்கு, அந்த அவை இல்லாமற்போனதை முதன்மையான காரணங்களுள் ஒன்றாக நான் கருதுகிறேன்.