641-ஆல் வகுபட்ட எண்

நேற்று மாலை ஈசூன் காப்பிக்கடையில் உயர்நிலை இரண்டில் படிக்கும் மகளோடு ஒரே ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: 4294967297. தேத்தண்ணீர் ஆறியதே தெரியவில்லை.

இரண்டின் 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருவது இது. அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனால், இதே வரிசையில் முன்னால் நிற்கும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். அதனால் இதுவும் பகா எண்தான் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் மறுத்தார்: 641 × 6700417.

641 எங்கிருந்து வந்தது? இந்த எண்ணின் பகாக் காரணி எதுவாயினும், 64ஆல் வகுத்தால் மீதி ஒன்றுதான் வரும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவது முயற்சியிலேயே பூட்டு திறந்துவிடுகிறது!

எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொன்று. 641 என்பது 5 × 128 + 1. அதுவே 625 + 16, அதாவது ஐந்தின் நான்காம் அடுக்கும் இரண்டின் நான்காம் அடுக்கும். இவ்விரண்டு வரிகளை இணைத்தாலே போதும், நம் எண் 641ஆல் வகுபடும் என்பதைப் பெரிய வகுத்தல் இல்லாமல் மெய்ப்பித்துவிடலாம்.

மகளோ என்னை நம்பவில்லை. “நானே பெருக்கிப் பார்க்கிறேன் அப்பா” என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். கடைசி இலக்கம் வரை சரியாக வந்தது.