கொழுக்கட்டைப் புல்: விதை எடுத்ததிலிருந்து முதல் மேய்ச்சல் வரை

தை மாதம் உருவிய விதையைப் புரட்டாசிக்கு முன்னால் மண்ணில் போடாதீர்கள். கொழுக்கட்டைப் புல் என்ற இந்த மேய்ச்சல் புல் முளைக்கவில்லை என்று சொல்கிறவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் புது விதையைத்தான் போட்டிருப்பார்கள். இந்த விதைக்கு உறக்கக் காலம் உண்டு. அறுவடை முடிந்து 6 முதல் 8 மாதம் போனால்தான் சரியாக முளைக்கும். காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடுகளுக்கு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடுகளுக்கு, இது இயல்பாகவே பொருந்தி வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்து மார்கழி, தையில் கதிர் முற்றும். அந்த விதை கோடையைத் தாண்டி அடுத்த புரட்டாசியில் மழைக்குத் தயாராக இருக்கும்.

விதை எடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஒரே தூரில், அதாவது ஒரே புல் குத்தில், பச்சைக் கதிரும் இருக்கும், வைக்கோல் நிறக் கதிரும் இருக்கும். எல்லாம் சேர்ந்து முற்றாது, அதனால் அறுத்து அடிக்க முடியாது. கதிரை இரண்டு விரலால் பிடித்து மேல்நோக்கி இலேசாக உருவினால் சுணை (விதையை மூடியிருக்கும் முள்மயிர்க் கூடு) தானாகக் கையோடு வர வேண்டும். இழுத்துப் பறிக்க வேண்டியிருந்தால் அது பிஞ்சு, விட்டுவிடுங்கள். காற்றடித்தால் முற்றியது கொட்டிப்போகும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒரு தடவை வந்து உருவினோம். தூரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். இந்தப் புல்லில் பெரும்பாலும் ஆண் பெண் சேர்க்கை இல்லாமலே விதைக்குள் கரு உருவாகிவிடும். அதனால் தாய்த் தூர் எப்படியோ பிள்ளையும் அப்படியே வரும். இலை அடர்ந்து, கோடையிலும் அடிப்பச்சை விடாமல் நிற்கும் தூரில் மட்டும் உருவுங்கள்.

கையில் நிறையச் சுணை இருந்தால் நிறைய விதை இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரு சுணையைப் பிரித்துப் பாருங்கள். மயிர் போன்ற முட்களுக்கு நடுவே உமி, அதற்குள் சிறிய, இளம்பழுப்பு அரிசி ஒன்றோ இரண்டோ இருக்கும். பல சுணைகளில் ஒன்றுமே இருக்காது. நகத்தால் அழுத்தினால் கெட்டியாக நிற்பதுதான் விதை, நசுங்கிப்போவது பதர். இருபது சுணையைப் பிரித்துப் பார்த்தாலே அந்தத் தூரின் யோக்கியதை தெரிந்துவிடும்.

நிழலில் நாலைந்து நாள் உலர்த்தித் துணிப்பையிலோ சணல் சாக்கிலோ வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். ஆவணிக் கடைசியில் 100 சுணையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டிவைத்து, சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் 30க்கு மேல் முளை விட்டால் ஏக்கருக்கு 3 கிலோ போதும். 15க்குக் கீழே வந்தால் அளவைக் கூட்டிப் பயனில்லை. வேறு விதை தேடுவதே நல்லது.

உறக்கம் முழுதாகக் கலையாத விதைக்கு ஊறவைக்கும் முறை இருக்கிறது. உரக்கடையில் 13-0-45 என்று கேட்டால் பொட்டாசியம் நைட்ரேட் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கரைத்து 48 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். சுணை மிதக்கும், சாக்கில் கட்டி மேலே கல் வைத்து அமுக்குங்கள். பிறகு நிழலில் உலர்த்தி, மண்ணில் ஈரம் இருக்கும்போது மட்டும் விதையுங்கள். ஊறிய விதையைப் புழுதியில் போட்டால் வீணாகிவிடும். மழையை எதிர்பார்த்துப் புழுதி விதைப்பு செய்வதென்றால் ஊறவைக்காத பழைய விதையே நல்லது. அது ஒரே நேரத்தில் முளைக்காது. முதல் தூறலில் முளைத்தது காய்ந்துபோனாலும் மிச்சம் அடுத்த மழைக்கு இருக்கும்.

தண்ணீர் தேங்கும் களிமண் இதற்கு ஆகாது. செம்மண், சரளை, மணற்பாங்கு எல்லாம் ஒத்துக்கொள்ளும். இரண்டு உழவு போட்டு, ஏக்கருக்கு 2 டன் மக்கிய எரு போதும். எரு மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணத்தோடும் ஆட்டுப் புழுக்கையோடும் சீமைக் கருவேல் விதை வந்து, புல்லுக்கு முன்னால் அது முளைத்துவிடும்.

சுணை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் கையிலிருந்து சீராக விழாது. ஒரு பங்கு விதைக்கு மூன்று பங்கு ஈரமணல் கலந்து, ஒன்றரை அடிக்கு ஒரு சாலாக ஆழமில்லாமல் கீறித் தூவினோம். மேலே அரை சென்டிமீட்டர் மண் போதும். ஒரு அங்குலம் போய்விட்டால் முளை மேலே வராது, அதனால் கலப்பையால் மூடாதீர்கள். வேலாமுள் கொப்பைக் கட்டி ஒரு தடவை இழுத்தால் சரியான அளவுக்கு மூடிக்கொள்ளும். விதைத்த மறுநாளே எறும்பு வரிசைகட்டிச் சுணையைத் தூக்கிப் போகும். எறும்புப் புற்று அதிகமுள்ள காட்டில் செம்மண்ணும் சாணமும் குழைத்து விதையைச் சிறு உருண்டைகளாக்கிப் போடுவது நல்லது. தூர் பிரித்து நடலாமே என்று கேட்பார்கள். 50க்கு 30 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்குச் சுமார் 27 ஆயிரம் தூர் வேண்டும். முளைக்காமல் விட்டுப்போன இடங்களை நிரப்பத்தான் அது கட்டுப்படியாகும்.

ஒரு வாரம் பத்து நாளில் முளைப்பு தெரியும். எது கொழுக்கட்டை, எது களைப்புல் என்பதில்தான் குழப்பம் வரும். சந்தேகமான நாற்றை மண்ணோடு கிளறி எடுத்து வேரைப் பாருங்கள். முள்மயிர்ச் சுணை இன்னும் வேரடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது நம்முடையது. முதல் ஒரு மாதம் இந்தப் புல் மெதுவாகத்தான் வளரும், அதற்குள் பார்த்தீனியம் மூடிவிடும். 25 முதல் 30 நாளுக்குள் ஒரு கைக்களை எடுத்தே ஆக வேண்டும். இந்தக் களையைத் தள்ளிப்போட்ட பகுதியில் பாதித் தூர்கூடத் தேறவில்லை.

நன்றாக வந்த காட்டையும் கெடுப்பது அவசர மேய்ச்சல்தான். செம்மறி தரையோடு ஒட்டக் கடிக்கும். வேர் பிடிக்காத நாற்று முழுசாகக் கையோடு வருவதுபோல் வாயோடு வந்துவிடும். ஒரு கைப்பிடி இலையைப் பிடித்து மாடு இழுப்பதுபோல் வெடுக்கென்று இழுங்கள். இலை அறுந்தால் தூர் வேர் பிடித்துவிட்டது. தூரே அசைந்தால் படலைச் சாத்திவையுங்கள். ஈரம் இருந்தால் 70, 75 நாளில் கையால் அறுக்கலாம், அரையடி விட்டு அறுக்க வேண்டும். மாடு விடுவதை முதல் கதிர் முற்றிக் கொட்டும் வரைக்கும் நிறுத்திவைத்தோம். கொட்டின விதை அடுத்த புரட்டாசி மழையில் சாலுக்கு நடுவே முளைத்தது. அதற்கப்புறம் இருந்த வெற்றிடங்களுக்கு மட்டும் பழைய தூரைப் பிரித்து நட்டோம்.